ஆன்சாக் தினக் குலுக்கல்: சிட்னியில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் மளிகைக்கடை, உணவகம், புடவைக்கடை, நகைக்கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், லாங் வீக்கெண்ட் வருகிறதென்றால் முதலில் ஹால் பிடிக்க ஓடும் சங்கத்துப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. பத்தொன்பது வருஷமாகச் சனிக்கிழமை காலையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து உங்களிடம் முறைப்பு வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக வேலை பார்க்கிறேன். உங்கள் கடைகள் இல்லாவிட்டால் இந்த ஊரில் என் வீட்டு அடுப்பு பாதி நாள் அணைந்தே கிடந்திருக்கும். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். சண்டைக்கு வரவில்லை.

2025 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். 14-ஆம் தேதி சித்திரைப் புத்தாண்டு, 20 ஈஸ்டர், 30 அட்சய திருதியை. நடுவில் 25, வெள்ளிக்கிழமை, போரில் இறந்தவர்களை இந்த நாடு நினைத்துப் பார்க்கும் ஆன்சாக் தினம். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இரண்டரை வாரம் இடைவெளியே இல்லாத கொண்டாட்டம். அந்த மாதம் மளிகை சாமானோடு என் பைக்குள் ஒரு நோட்டீஸ் வந்து சேர்ந்தது. எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அந்தக் கடை மட்டும் என்றால் நேரில் போய்ச் சொல்லியிருப்பேன். அதே வாரம் வாட்ஸப்பில் அதன் அண்ணன் தம்பிகள் ஐந்தாறு வந்தன.

மஞ்சள் தாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். இடது மூலையில் சிவப்புப் பாப்பிப் பூ. வலது மூலையில் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, அதன்மேல் கை வைத்துத் தலை குனிந்து நிற்கும் சிப்பாயின் கறுப்பு நிழல். நடுவில் கொட்டை எழுத்தில் 'ஹேப்பி ஆன்சாக் டே'. அதற்குக் கீழே பொன்னி அரிசி, நல்லெண்ணெய், உறைந்த பரோட்டா, ஒவ்வொன்றுக்கும் பழைய விலை அடித்துப் புது விலை. நூறு டாலருக்கு மேல் வாங்கினால் 'ஆன்சாக் தின அதிர்ஷ்டக் குலுக்கல்' கூப்பன். முதல் பரிசு ஐந்து லிட்டர் பிரஷர் குக்கர். அடியில் ஒரு வரி: 'பெரிய கடையெல்லாம் மூடி! நாங்க இருக்கோம்ல!'

அந்தக் கடைசி வரியைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நியூ சவுத் வேல்ஸில் முன்பெல்லாம் ஆன்சாக் தினத்தன்று பெரிய கடைகள் மதியம் ஒரு மணி வரைதான் மூடியிருக்கும். 2025-லிருந்து நாள் முழுக்க மூட வேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். அந்த ஒரு நாளாவது இந்த ஊர் கல்லாப்பெட்டிச் சத்தம் இல்லாமல் இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கையே நாம் விளம்பரமாக்கிவிட்டோம். துக்க வீட்டுக்காக எதிர்க்கடைக்காரர் கதவைச் சாத்தினால், 'அவர் மூடிட்டார், இங்கே வாங்க' என்று தெருவில் நின்று கூப்பிடுவது மாதிரி.

நோட்டீஸ் என்னோடு வேலைக்கும் வந்தது. ஊழியர் அறையில் பகிர்ந்துகொள்ள முறுக்குப் பாக்கெட் எடுத்துப் போயிருந்தேன், அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார். பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. 1946-இல் பிறந்தவர். என் கையில் எந்தத் தாளைப் பார்த்தாலும் வாங்கிப் படிப்பார், மருந்துச் சீட்டைக்கூட விட மாட்டார். பூதக்கண்ணாடியை வைத்து ஆங்கிலப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் அவர் காலுக்குக் கிரீம் தடவிக்கொண்டிருந்தேன்.

"என்ன பரிசு?" என்றார்.

"பிரஷர் குக்கர்."

"பெரிசா?"

"ஐந்து லிட்டர்."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கள் கலந்துகொண்ட குலுக்கலில் இதெல்லாம் தரவில்லை" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வயதானவர், ஏதோ பழைய லாட்டரிச் சீட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் அவரே சொன்னார். நான் இந்த நாட்டுக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துப் பாஸ் செய்தவள். அந்தப் பாடத்தில் இது என் கண்ணில் பட்ட ஞாபகமே இல்லை.

1964-இல் ஆஸ்திரேலிய அரசு கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. இருபது வயது ஆண்கள் எல்லாரும் பெயரைப் பதிய வேண்டும். எல்லாரையும் எடுக்க முடியாதே, அதனால் குலுக்கல். நிஜமான குலுக்கல். லாட்டரிக்குப் பயன்படுத்துகிற மாதிரி ஒரு உருளைப் பீப்பாய், அதற்குள் எண்ணிட்ட மரக் கோலிகள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பிறந்த தேதி. கோலியை உருவி எடுப்பார்கள். உங்கள் பிறந்தநாள் வந்தால் பட்டாளம், வராவிட்டால் வீடு. முதல் குலுக்கல் 1965 மார்ச்சில் நடந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை என்று 1972 வரை குலுக்கினார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்களில் 15,000-க்கும் மேற்பட்டவர்கள் வியட்நாமுக்குப் போனார்கள். சுமார் 200 பேர் திரும்பவில்லை.

இவருடைய தேதி வரவில்லை. இவரோடு ஒரே தெருவில் வளர்ந்த சிநேகிதனுடைய தேதி வந்தது. இரண்டு பேருக்கும் பிறந்தநாள் நான்கு நாள் வித்தியாசம். "நான்கே நாள்" என்று விரலைக் காட்டினார். சிநேகிதன் அந்த 200 பேரில் ஒருவர்.

அவர் கோபப்படவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நோட்டீஸை நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு டீ கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் சமாதானம் சொல்லிவிட்டு மறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்து ஆடிப்போனேன். 'ஆன்சாக்' என்ற சொல்லுக்கே இங்கே காவல் போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய நியூசிலாந்துப் படை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வந்த சொல் அது. 1915 ஏப்ரல் 25 விடியலில் அந்தப் படை துருக்கியின் காலிப்போலி கரையில் இறங்கியது. எட்டு மாதத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் செத்தார்கள். துருக்கியர் பக்கத்தில் அதைப்போலப் பல மடங்கு. லோன் பைன் என்ற இடத்தில் உள்ள நினைவுச் சுவரில், கல்லறை எதுவென்றே தெரியாத ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் 4,900-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஊருக்குச் செய்தி வந்துசேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தப் பெயரைச் சரக்கின்மேல் ஒட்டி விற்கக் கிளம்பிவிட்டார்கள். 1916-லேயே அரசு தடை போட வேண்டியிருந்தது. 1921-இல் அது தனி விதிமுறையானது, இன்றும் நடப்பில் இருக்கிறது. அமைச்சரின் அனுமதி இல்லாமல் அந்தச் சொல்லை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, கேளிக்கைக்குக் கூடாது, லாட்டரிக்குக் கூடாது. ஆமாம், குலுக்கலும் பெயர் சொல்லி அதில் இருக்கிறது. மீறினால் அபராதம், ரொம்ப முற்றினால் சிறைகூட உண்டு.

இந்தக் காவல் எவ்வளவு கறார் என்பதற்கு ஆன்சாக் பிஸ்கட்டைப் பாருங்கள். ஓட்ஸ், மைதா, தேங்காய்த்துருவல், சர்க்கரை, வெண்ணெய், கோல்டன் சிரப், கொஞ்சம் சோடா உப்பு. முட்டை கிடையாது, அதனால் நம் வீட்டுப் பெரியவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். இதை விற்கலாம், ஆனால் பழைய செய்முறையிலிருந்து ரொம்ப விலகக் கூடாது, அப்புறம் அதைக் 'குக்கீ' என்று சொல்லக் கூடாது. பிஸ்கட் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தின்பண்டத்தின் பெயருக்கு இத்தனை வரம்பு கட்டிய ஊரில் நாம் 'ஆன்சாக் ஸ்பெஷல் தேங்காய் பர்பி' போட்டோம். நான் ஒரு டப்பா வாங்கினேன். ருசியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

'ஊரில் பெரிய பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் செய்கிறான், எங்களை மட்டும் ஏன் கேட்கிறாய்?' என்பீர்கள். செய்தார்கள்தான். காலிப்போலியின் நூற்றாண்டான 2015-இல் வுல்வொர்த்ஸ் ஒரு விளம்பரம் வெளியிட்டது. செத்துப்போன உங்கள் உறவினரின் படத்தை ஏற்றினால், அதன்மேல் 'ஃப்ரெஷ் இன் அவர் மெமரீஸ்' என்ற வாசகமும் கடையின் சின்னமும் ஒட்டிக் கிடைக்கும். அவர்கள் காய்கறி விற்கிற வாசகத்தில் வருவதும் அதே 'ஃப்ரெஷ்'தான். தாத்தாவும் தக்காளியும் ஒன்று என்கிற மாதிரி. ஊரே கொதித்தது. அப்போதைய அமைச்சர் மைக்கேல் ரொனால்ட்சன் எடுக்கச் சொன்னார், உடனே எடுத்தார்கள். விக்டோரியா பிட்டர் பியர்காரர்கள் 2009-லிருந்து 'ரெய்ஸ் எ கிளாஸ்' என்று ஒரு இயக்கம் நடத்தினார்கள். முன்னாள் வீரர்கள் சங்கத்துக்கும், இறந்த வீரர்களின் குடும்பங்களைக் கவனிக்கும் லெகசிக்கும் பணம் போனது உண்மை. அதோடு பியரும் விற்றது. இந்த மாதிரிக் கூத்துகளுக்காகவே 'பிராண்ட்சாக் டே' என்று ஒரு கிண்டல் பெயரை இந்த ஊர்க்காரர்களே வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வுல்வொர்த்ஸ் செய்தால் நாடே பார்க்கிறது, அமைச்சர் கூப்பிடுகிறார், சில மணி நேரத்தில் விளம்பரம் காணாமல் போகிறது. நம் நோட்டீஸை எந்த அமைச்சரும் படிக்கப் போவதில்லை. தமிழில் இருக்கிறது, மேற்கு சிட்னியில் நான்கு தெருவுக்குள் சுற்றுகிறது, வாரம் முடிந்தால் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் நாம் எப்படி இருக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் அரசுக்குப் புகார் எழுதாமல், உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த நாளில் சிரிப்பும் குடியும் சூதும் இல்லையா என்று கேட்டால், இருக்கின்றன. விடியலில் நினைவுத் தூண் முன்னால் அசையாமல் நின்றவர்கள்தான் மதியம் கிளப்பில் பியரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு காசுகளைச் சுண்டிப் போட்டுப் பந்தயம் கட்டும் 'டூ-அப்' ஆட்டத்தை, வருஷத்தின் பெரும்பாலான நாளில் தடை செய்திருந்தாலும், அன்றைக்குச் சட்டமே அனுமதிக்கிறது. பதுங்குகுழிகளில் சிப்பாய்கள் ஆடிய ஆட்டம் அது. மெல்பர்னில் 1995-லிருந்து காலிங்வுட், எஸ்ஸண்டன் அணிகள் அன்று ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடுகின்றன, மைதானம் நிரம்பி வழிகிறது. அதில் டிக்கெட் காசும் விளம்பரக் காசும் எவ்வளவு, நினைவு எவ்வளவு என்று நான் அளந்து பார்த்ததில்லை. எனக்கு அதில் முழு சம்மதமும் இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன் அத்தனை ஆயிரம் பேர் ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது கையிலிருக்கிற கரண்டியை நானும் கீழே வைத்துவிடுகிறேன்.

நம் வழக்கத்தை வைத்தே யோசித்தால் இது ஒன்றும் புரியாத விஷயமில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் வடை பாயசத்தோடு பந்தி போடுகிறோம். போனவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கிறோம், சில ஊர்களில் சீட்டுக்கட்டும் இறங்கும். அதெல்லாம் தப்பில்லை, அந்த வீட்டுத் துக்கம் அப்படித்தான் கரையும். ஆனால் பந்தி வாசலில் யாராவது ஸ்டால் போட்டு, செத்தவர் படத்தை பேனரில் அடித்து, 'காரியத்தை முன்னிட்டு வேட்டி இருபது சதவீதம் தள்ளுபடி' என்றால் என்ன செய்வோம்? அடிக்க மாட்டோம், நாகரிகமானவர்கள் நாம். ஆனால் அப்புறம் அவன் முகத்தில் விழிக்க மாட்டோம்.

'ஹேப்பி' என்ற அந்த ஒரு சொல்லை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அப்பா திவசத்தன்று காலையில் யாராவது போன் செய்து 'இனிய திவச வாழ்த்துகள்' என்றால் எப்படி இருக்கும்? என்னோடு வேலை செய்யும் ஆஸ்திரேலியப் பெண் ஒருத்தியிடம் வந்த புதிதில் நானே 'ஹேப்பி ஆன்சாக் டே' என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. 'பரவாயில்லை' என்றுதான் சொன்னாள். தெரியாமல் சொன்னால் பரவாயில்லைதான். கடை போட்டு இருபது வருஷம் ஆனவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

பாப்பிப் பூ பற்றியும் ஒன்று. முதல் உலகப் போர் ஓய்ந்த நினைவு நாளான நவம்பர் 11-க்குத்தான் அது முதன்மை. ஆன்சாக் தினத்தன்று பாப்பி வைப்பவர்களும் உண்டு என்றாலும், பழைய வழக்கம் ரோஸ்மேரிக் கொத்து. காலிப்போலி மலைச்சரிவுகளில் அது தானாக முளைத்துக் கிடக்கும். எங்கள் இல்லத்துத் தோட்டத்தில் ஒரு புதர் இருக்கிறது. ஏப்ரல் 24 சாயங்காலம் விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஊக்கு குத்தித் தட்டில் அடுக்கி வைப்பது என் வேலை. முப்பத்தெட்டுக் கொத்து. ராத்திரி வீட்டுக்கு வந்து சாதம் பிசைந்தாலும் கையில் அந்த வாசனை போகாது. காலை நான்கு மணிக்கு, எழுந்து உட்கார முடிகிறவர்களைச் சக்கர நாற்காலியில் கூடத்துக்குக் கூட்டிவருவோம். மார்ட்டின் பிளேஸ் விடியல் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் போடுவோம். பியூகிள் ஊதும்போது, தன் பெயரே ஞாபகம் இல்லாத ஒரு அம்மா முதுகை நிமிர்த்தி உட்காருவார். அவருடைய யார் எந்தப் போரில் போனார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டுச் சொல்லும் நிலையில் அவரும் இல்லை.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். ஒரு சங்கத்துப் பெரியவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இது வெள்ளைக்காரன் சண்டை அம்மா. பேரரசுக்காக இன்னொருத்தன் நாட்டில் போய் இறங்கினான், அடி வாங்கினான். நமக்கென்ன?" அவர் சொன்னதில் பாதி சரி. காலிப்போலி ஒரு படையெடுப்புதான், அதுவும் தோற்றுப்போன படையெடுப்பு. இந்த மண்ணின் பூர்வகுடிகளில் அந்தப் போருக்குப் போய்வந்தவர்கள் பலருக்கு, மற்ற வீரர்களுக்குக் கொடுத்த நிலத்தைக்கூடக் கொடுக்க மறுத்தார்கள். இந்த நாளைக் குறை சொல்ல ஆஸ்திரேலியர்களே நிறைய வைத்திருக்கிறார்கள். குறை சொல்லுங்கள். ஒதுங்கி இருங்கள். இரண்டுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவரின் சங்கம்தான் ஏப்ரல் 24 ராத்திரி 'ஆன்சாக் நைட்' என்று டிஜே வைத்து, தலைக்கு நாற்பது டாலர் வாங்கியது. இரவு இரண்டு மணிக்கு ஆட்டம் முடிந்தது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் நான் ரோஸ்மேரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நமக்கென்ன என்றால், பெயர் மட்டும் எதற்கு?

நமக்கு ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. என் பாட்டி, யாராவது கொஞ்சம் சாமர்த்தியம் காட்டினால் "சரியான எம்டன்" என்பார். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தின்மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் அது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. பாட்டியின் அம்மா அப்போது ஏழு வயது, செங்கல்பட்டுப் பக்கம் மாட்டுவண்டியில் போனதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். உயர்நீதிமன்றச் சுவரில் அந்தக் குண்டுக்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்த எம்டனை முடித்தது யார்? நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், நம்முடைய இந்த ஊரின் பெயரையே தாங்கிய 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். முதல் ஆன்சாக் படையை ஏற்றிக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியிலிருந்து கிளம்பிய கப்பல் வரிசைக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது அது. நடுவழியில் பிரிந்து போய் எம்டனை அடித்துவிட்டு வந்தது. அதில் சிட்னி கப்பலின் மாலுமிகள் நான்கு பேரும், எம்டனில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். அந்த வரிசையில் போனவர்களில் பலர்தான் ஐந்தரை மாதம் கழித்துக் காலிப்போலியில் இறங்கினார்கள். எம்டனின் பீரங்கி ஒன்று ஹைட் பார்க்கின் தெற்கு மூலையில், ஆக்ஸ்ஃபோர்டு தெரு தொடங்கும் இடத்தில் நிற்கிறது. ஆன்சாக் நினைவகத்திலிருந்து நடக்கிற தூரம். அடுத்த முறை சிட்டிக்குப் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

1915 ஏப்ரல் 25 அன்று ஆன்சாக் கரையில் முதலில் இறங்கிய பீரங்கிகளே இந்திய மலைப் பீரங்கிப் படையுடையவை. தண்ணீரையும் தோட்டாவையும் கோவேறு கழுதையில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனவர்களும் இந்தியர்கள். சப்பாத்தி சுட்டு ஆஸ்திரேலியர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வடக்கத்தியர், கூர்க்காக்கள். இதில் தமிழன் எத்தனை பேர் என்று தேடி மார்தட்ட வேண்டியதில்லை. நம்மோடும் சம்பந்தப்பட்ட சாவு என்று தெரிந்தால் போதும்.

அப்புறம், உங்கள் வாடிக்கையாளர்களையே நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்த எத்தனை குடும்பங்கள் உங்களிடம் அரிசி வாங்குகின்றன. உடல் கிடைக்காத பிள்ளையின் படத்துக்கு முன்னால் வருஷத்தில் ஒரு நாள் விளக்கேற்றுகிற அம்மாக்கள் இதே தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் ஏற்றிய விளக்கைப் படம் பிடித்து, பக்கத்தில் நல்லெண்ணெய் விலையைப் போட உங்களில் ஒருவருக்காவது கை வருமா? வராது. எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தலை குனிந்த சிப்பாயின் நிழல் மட்டும் ஏன் கை கூசாமல் வந்தது என்றால், இணையத்தில் தேடினால் இலவசமாகக் கிடைக்கிறது, அது யாருடைய பிள்ளையும் இல்லை என்று நினைத்துவிட்டோம்.

கடையை மூடச் சொல்லவில்லை. ஏப்ரல் 25 அன்று வேலை முடிந்து வருகிற வழியில் எனக்கே தயிர் வேண்டியிருக்கும், நீங்கள் திறந்திருந்தால் சந்தோஷம். தள்ளுபடியும் போடுங்கள், அட்சய திருதியைக்குப் போடுங்கள், சும்மாவே போடுங்கள். அந்தச் சொல்லும் அந்தப் படமும் இல்லாமல் போடுங்கள், அவ்வளவுதான். உங்களிடம் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவப் பிள்ளைகள் யாராவது விடியல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். கல்லாப் பக்கத்தில் கோயில் உண்டியல், பள்ளிக்கூட உண்டியல் எல்லாம் வைத்திருக்கிறீர்கள், முன்னாள் வீரர்கள் சங்கத்தின் பேட்ஜ் பெட்டி ஒன்றுக்கும் ஏப்ரலில் இடம் கொடுங்கள். சங்கத்துக்காரர்கள் அந்த டிஜேயை 26-ஆம் தேதிக்குத் தள்ளி வையுங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் வருகிறேன். ஆட மாட்டேன், முட்டி வலி.

இந்த மடலைப் படித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை என்னைக் கண்டுபிடித்து வெண்டைக்காய் விலையை ஏற்றிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
மேற்கு சிட்னி

பி.கு.: அந்தப் பிரஷர் குக்கர் யாருக்கு விழுந்தது என்று அவர் இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் சொல்லியனுப்புங்கள்.